ஈரநிலக் கண்காணிப்புப் பெட்டி: வலையை நம்பலாம், மதிப்பெண் தாளை நம்ப முடியாது

மீட்டெடுக்கப்படும் ஈரநிலம் ஒன்று உண்மையிலேயே தேறி வருகிறதா என்பதை அங்கு வாழும் பூச்சிகள், செடிகள், தவளைகள், பறவைகள் ஆகியவற்றைக் கொண்டே கணிப்பதற்கென்று தொகுத்து விற்கப்படும் களப்பெட்டியைப் பற்றிய மதிப்புரை இது. தன்னார்வக் குழுக்களையும் கல்லூரிகளையும் மனத்தில் வைத்து இத்தகைய பெட்டிகளைப் பலர் தயாரிக்கிறார்கள். உள்ளடக்கத்தில் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லாததாலும், நான் சொல்லப்போகும் குறைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதாலும் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். நீண்ட கைப்பிடியுள்ள வலை, வெள்ளைத் தட்டு, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை, சிறு குப்பிகள், மடித்து வைக்கக்கூடிய ஒரு மீட்டர் சதுரச் சட்டம், இனங்காண் அட்டைகள், பறவைகளுக்கும் தவளைகளுக்குமான பதிவுத்தாள்கள், இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மதிப்பெண் தாள் ஆகியவை பெட்டிக்குள் இருக்கின்றன. பொருள்களின் தரத்தைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆனால் அந்த மதிப்பெண் தாள் ஓடும் ஆற்றுக்காக உருவான கணக்கைத் தேங்கிய நீருக்கு அப்படியே பொருத்துகிறது. நன்றாகத் தேறி வரும் ஈரநிலத்தைக்கூட அது சீர்கெட்டதாக அறிவித்துவிடக்கூடும். இந்த மதிப்புரையில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்க வேண்டியிருக்கிறது.

நீரின் தன்மையை வேதியியல் சோதனையால் அறிய முடியும்போது உயிரினங்களைத் தேடிச் சேற்றில் இறங்குவது ஏன் என்ற கேள்விக்கு, பெட்டியோடு வரும் கையேடு நல்ல விடையைத் தருகிறது. குப்பியில் அள்ளிய நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். செடிகள் அடர்ந்த குட்டையில் கரைந்த ஆக்சிஜன் பிற்பகலில் உச்சத்தைத் தொட்டு, இரவெல்லாம் குறைந்து, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பகல் பதினொரு மணிக்கு எடுத்த அளவீட்டில் அந்த இரவு தெரியவே தெரியாது. மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து வளரும் ஒரு பூச்சியின் லார்வாவோ அத்தனை இரவுகளையும் கடந்து வந்திருக்கிறது. அது உயிரோடு இருப்பதே ஒரு தகவல். மாசைத் தாங்கும் உயிர்களையும் தாங்காத உயிர்களையும் தரம் பிரித்து நீரை மதிப்பிடும் வழக்கம், ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறையிலிருந்து வளர்ந்து வந்தது. சுட்டு இனங்கள் என்று இன்று நாம் சொல்லும் கருத்துக்கு வயது நூறுக்கும் மேல்.

வலையிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கில எழுத்து 'டி'யின் வடிவில் தட்டையான விளிம்புள்ள சட்டம், அதில் 500 மைக்ரான் கண்ணளவுள்ள நைலான் துணி. தட்டையான விளிம்பு அடிமட்டத்தை ஒட்டி நகரும். வட்ட வலையானால் இடுக்கில் இருப்பவை தப்பிவிடும். ஈரநிலத்தில் வலையைச் செடிகளுக்கு ஊடாக இழுக்க வேண்டும் என்பதால் துணி கிழியுமோ என்ற அச்சம் இருந்தது. விளிம்பைச் சுற்றித் தடித்த கித்தான் பட்டை தைத்திருப்பதால் நாணல் தண்டுகளில் பலமுறை உரசியும் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடி இரண்டாகப் பிரிந்து சேர்வது. அந்த இணைப்பில் மணல் புகுந்தால் இறுகிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்தால் போதும்.

வெள்ளைத் தட்டு எளிய பொருள்தான், ஆனால் பெட்டியில் மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்டது அதுவே. ஆழம் சரியாக இருக்கிறது, மூலையில் நீரை வடிக்க ஒரு மூக்கு இருக்கிறது, அடியில் பொறித்த கட்டங்கள் எண்ணுவதற்கு உதவுகின்றன. வலையைத் தட்டில் கவிழ்த்தவுடன் தெரிவது மக்கிய இலைத்துகளும் கலங்கலும் மட்டுமே. சற்றுப் பொறுத்தால் கலங்கல் படிந்து, முதலில் நீர்வண்டுகளும் துடுப்புக்கால் பூச்சிகளும் பரபரப்பாக நீந்தத் தொடங்கும். அதன்பின், குச்சி என்று நாம் நினைத்த ஒன்று வாலை இருபுறமும் அசைத்து நகரும். வால்முனையில் இலைபோன்ற மூன்று செவுள்கள் விரிந்திருந்தால் அது ஊசித்தட்டானின் லார்வா. உடல் தடித்து, செவுள் எதுவும் வெளியே தெரியாமல், தொட்டவுடன் பின்புறமாக நீரைப் பீய்ச்சி முன்னே பாய்வது பெருந்தும்பியின் லார்வா; அதற்குச் செவுள் குடலின் கடைப்பகுதிக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில், அசையாத சேற்றுத் துணுக்குகளுக்கு நடுவே, சிவந்த நூல்போன்ற ஒன்று எட்டு வடிவில் சுருண்டு நெளியும். ஆக்சிஜன் அருகிய சேற்றிலும் மூச்சைத் தக்கவைக்க ஹீமோகுளோபின் கொண்ட, கைரோனோமிட் என்ற சிறு ஈயின் புழு அது. இந்த வரிசையில் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும் என்று கையேடு அழுத்திச் சொல்லியிருப்பது மிகவும் சரி. விரைவாக ஓடுபவற்றை மட்டும் எண்ணிவிட்டுத் தட்டைக் கவிழ்ப்பவர்கள் சேற்றின் சாட்சியைக் கேட்காமலே எழுந்துவிடுகிறார்கள்.

இனி மதிப்பெண் தாள். இதன் அடிப்படை, பிரிட்டனில் 1970-களின் பிற்பகுதியில் ஆறுகளுக்காக வகுக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ.பி. (உயிரியல் கண்காணிப்புப் பணிக்குழு) என்னும் முறை. நீரில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் உண்டு. பெரும்பாலும் குளிர்ந்து விரைந்தோடும் நீரில் வாழும் ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் குடும்பங்கள் பலவற்றுக்குப் பத்து, சேற்றுப்புழுக்களுக்கு ஒன்று, கைரோனோமிட் குடும்பத்துக்கு இரண்டு. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். அந்தச் சராசரி உயர்ந்தால் நீர் நன்று, தாழ்ந்தால் நீர் கெட்டது. ஆற்றில் சாக்கடை கலக்கிறதா என்று கண்டுபிடிக்க இது அருமையான கருவி. அங்கே அதைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஈரநிலத்தில் என்ன நடக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஒரு குட்டையில் பெருந்தும்பிக் குடும்பங்களில் ஒன்றான லிபெல்லுலிடே (8), ஊசித்தட்டான் குடும்பமான சீனாக்ரியோனிடே (6), நீச்சல் வண்டுகள் (5), லிம்னேய்டே நத்தைகள் (3), கைரோனோமிட் புழுக்கள் (2) கிடைத்தால் கூட்டுத்தொகை 24, சராசரி 4.8. அடுத்த பருவத்தில் அடிமட்டத்தில் இலைமக்கு சேர்ந்து, அதை உண்ணும் சேற்றுப்புழுக்களும் (1), நத்தையை நம்பி வாழும் அட்டைகளும் (3) வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குடும்பங்கள் ஐந்திலிருந்து ஏழாகின்றன, உணவுவலை ஒரு படி விரிகிறது. ஆனால் கூட்டுத்தொகை 28, சராசரி 4.0. தாளின்படி ஈரநிலம் பின்னடைந்துவிட்டது! உண்மையில் அங்கே நடந்தது, ஓர் ஈரநிலம் ஈரநிலமாகத் தொடங்கியது.

காரணம் எளிது. தேங்கிய நீரும், மக்கும் இலைகளும், ஆக்சிஜன் குறைந்த சேறும் ஆற்றுக்கு நோய், ஈரநிலத்துக்கு இயல்பு. அந்த ஆக்சிஜன் பற்றாக்குறையால்தான் மக்கு முழுவதும் சிதையாமல் கரிமமாகச் சேர்ந்து தங்குகிறது, நைட்ரேட் வாயுவாக மாறி வெளியேறுகிறது. ஈரநிலங்களை மீட்கச் சொல்வதற்கான பெருங்காரணங்களில் இரண்டை மதிப்பெண் தாள் குறையாகக் கணக்கிடுகிறது. மேலும், கைரோனோமிட் குடும்பம் முழுவதையும் இரண்டு மதிப்பெண்ணில் அடைப்பது ஈரநிலத்தில் பெரிய இழப்பு. அந்தக் குடும்பத்தில் இனங்கள் மிகப் பல. சிவந்தவை சில, வெளிறியும் பச்சையாகவும் இருப்பவை பல, தூய நீரை மட்டுமே நாடுபவையும் அவற்றுள் உண்டு.

ஒரு தாள் தவறாகச் சொன்னால் என்ன என்று விட்டுவிட முடியாது. மீட்புப் பணிக்கு நிதி தருபவர்கள் எண்ணைக் கேட்கிறார்கள். எண் தாழ்ந்தால் அதை உயர்த்தும் வழியை யாராவது தேடுவார்கள். செடிகளைக் களைந்து, சேற்றை வாரி, நீரைக் கலக்கிக் காற்றூட்டினால் சராசரி உயரக்கூடும், ஈரநிலம் போய்விடும். தயாரிப்பாளர் செய்ய வேண்டியது, தாளில் நிலையான தர எல்லைகளை அச்சிடுவதை நிறுத்துவதே. அதே தட்பவெப்பத்தில், அதே வகையில், சீர்குலையாத ஓர் ஈரநிலத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டு, இரண்டிலும் ஒரே பருவத்தில், ஒரே முறையில் வலைவீசி, மீட்கப்படும் நிலம் அதை நெருங்குகிறதா விலகுகிறதா என்று பார்க்கும் தாளாக அது மாற வேண்டும். மீட்புப் பணி தொடங்குவதற்கு முன்பே ஒரு முறையாவது இரண்டு இடங்களிலும் பதிவு எடுத்திருக்க வேண்டும் என்பதையும் கையேடு வலியுறுத்த வேண்டும். முன்பதிவு இல்லாத இடத்தில் எந்த முன்னேற்றத்தையும் பணியின் பயன் என்று உரிமை கொண்டாட முடியாது. மழை நன்றாகப் பெய்த ஆண்டாகவும் அது இருந்திருக்கலாம்.

இந்தக் குறைக்கு நேர் எதிராக, பெட்டியில் மனநிறைவோடு பாராட்டக்கூடிய ஒன்று தும்பிகளுக்கான பகுதி. பறக்கும் தும்பியை எண்ணுவதோடு நில்லாமல், அது உரித்துவிட்டுப்போன கூட்டுத்தோலைச் சேகரிக்கத் தனிக் குப்பிகளும் அட்டையும் தந்திருக்கிறார்கள். நீருக்கு மேல் நீண்டிருக்கும் தண்டில், கால்கள் இறுகப் பற்றியபடி, முதுகில் நெடுக்குப் பிளவோடு அந்தத் தோல் ஒட்டியிருக்கும். பிளவின் வாயில் வெண்ணிற நூல்கள் சில தொங்கும். அவை லார்வாவின் மூச்சுக்குழல்களின் உட்பூச்சு, தோலோடு சேர்ந்து கழன்றவை. கைவில்லையால் கீழுதட்டின் அமைப்பைப் பார்த்தால் குடும்பம் தெரிந்துவிடும். எந்த உயிரையும் கொல்லாமல் இவ்வளவு உறுதியான சான்றைத் தரும் முறை வேறு இல்லை என்பது என் கருத்து. பறந்து திரியும் தும்பி வெறும் விருந்தாளியாக இருக்கலாம். கூட்டுத்தோலோ, முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை அந்த நீரிலேயே ஓர் உயிர் வளர்ந்து முடித்தது என்பதற்கான அத்தாட்சி.

தும்பியென்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் அட்டை தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. உலகெங்கும் பரவியுள்ள பாண்டலா ஃபிளாவெசென்ஸ் என்ற தும்பி நெடுந்தொலைவு வலசை செல்வது. மழைநீர் தேங்கிய புதுக் குழியிலும் முட்டையிட்டு, சில வாரங்களில் வளர்ந்து பறந்துவிடும். அதன் தோல் எவ்வளவு கிடைத்தாலும் அந்த நீர்நிலையின் முதிர்ச்சியைப் பற்றி ஒன்றும் பெறப்படாது. வேறு சில பெருந்தும்பிகளின் லார்வாக்கள் ஓராண்டுக்கும் மேலாக நீருக்குள் வாழ்பவை. அவற்றின் ஒரு தோல் கிடைத்தாலும், கோடையிலும் நீர் முற்றாக வற்றவில்லை என்ற செய்தி அதில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இந்த வேறுபாட்டையே அடிப்படையாக வைத்து, பரவல், அழிவு அபாயம், வாழிட மாற்றத்தைத் தாங்காத தன்மை ஆகிய மூன்றுக்கும் தலா மூன்று வரை கொடுத்து, ஒவ்வோர் இனத்துக்கும் சுழியம் முதல் ஒன்பது வரை மதிப்பெண் இடும் தும்பிச் சுட்டெண் நடைமுறையில் உள்ளது. இதே தர்க்கத்தைப் பின்பற்றி வட்டாரந்தோறும் ஒரு பட்டியல் தயாரித்தால், ஆற்றிலிருந்து கடன் வாங்கிய அந்தத் தாளைத் தூக்கி எறிந்துவிடலாம்.

செடிகளுக்கான சதுரச் சட்டமும் நன்றாக உழைக்கிறது. சட்டத்துக்குள் ஒவ்வொரு செடியினமும் எத்தனை விழுக்காடு பரப்பை மூடியிருக்கிறது என்று பதிய வேண்டும். கூடவே, ஒவ்வோர் இனத்துக்கும் சுழியம் முதல் பத்து வரை ஓர் எண். எங்கும் முளைக்கும் களைக்குச் சுழியம், குலையாத வாழிடத்தை விட்டு வேறெங்கும் வாழாத இனத்துக்குப் பத்து. சிகாகோ வட்டாரத்தில் 1970-களில் உருவாகிப் பிற இடங்களுக்குப் பரவிய இந்த முறையின் சிறப்பு, பசுமையைக் கண்டு ஏமாறாமல் இருப்பது. சம்பு மட்டுமே சுவர்போல் அடர்ந்து நிற்கும் குட்டை தொலைவிலிருந்து வளமாகத் தோன்றும். எண்ணைப் பார்த்தால் உண்மை விளங்கும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் இதற்குப் பெரிய சான்று. விளைநிலங்களிலிருந்து வடிந்த பாஸ்பரஸ், ஊட்டச்சத்து குறைந்த நீருக்குப் பழகிய வாள்கோரைப் பரப்புகளைச் சம்புக்காடாக மாற்றியது. அதற்கு முன்பே, செடித்தண்டுகளைச் சுற்றிப் பாய்போல் படரும் பாசித்தொகுதி குலைந்து எச்சரித்தது. அங்கே பாஸ்பரஸுக்கு வைத்த இலக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அவ்வளவு நுண்ணிய மாற்றத்தையும் முதலில் உணர்வது பாசிதான். பாசிகளைப் பற்றிப் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை என்பதை இங்கேயே குறித்துவைக்கிறேன். டயட்டம்கள் என்ற நுண்பாசிகளை அடையாளம் காண நுண்ணோக்கி வேண்டும் என்பது உண்மை. பாசித்தொகுதி இருக்கிறதா, அதன் நிறமும் தடிப்பும் மாறுகின்றனவா என்று பார்க்கக் கண்ணே போதும்.

பறவைப் பதிவுத்தாள் ஏமாற்றம் அளிக்கிறது. எண்ணிக்கை கூடினால் வெற்றி என்ற எண்ணத்தில் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையில் 20,000 நீர்ப்பறவைகள், ஓர் இனத்தொகையில் ஒரு விழுக்காடு என்ற அளவுகோல்கள் உண்டு. அவை ஓர் ஈரநிலம் உலக அளவில் முக்கியமானதா என்று தீர்மானிப்பதற்காக ஏற்பட்டவை, மீட்புப் பணியின் முன்னேற்றத்தை அளக்க ஏற்பட்டவை அல்ல. கழிவுநீர் சேரும் குட்டையில் புழுக்கள் பெருகுவதால் கரைப்பறவைகள் திரளாக இறங்குவதுண்டு. பறவைக்குச் சிறகு இருக்கிறது. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு நீர்நிலை வற்றியதால்கூட இங்கே கூட்டம் சேரலாம். எனவே எண்ணிக்கையைவிட, எந்த ஆழத்தில் எந்தப் பறவை இரை தேடுகிறது, எவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன என்ற இரண்டு கேள்விகள் பயனுள்ளவை. சேற்று விளிம்பில் அலகை நுழைக்கும் சிறு உள்ளான்களும் ஆழத்தில் முக்குளிப்பவையும் ஒரே குட்டையில் இருந்தால், ஆழமும் மேடும் கலந்த தரை அங்கே உருவாகியிருக்கிறது என்று பொருள். தாளில் இதைக் குறிக்க இடமே இல்லை. ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

தவளைத்தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவில் குரலைக் கேட்டுப் பதிவதும், பின்னர் முட்டைத்திரளையும் தலைப்பிரட்டையையும் தேடுவதும் சரியான வழிகளே. தோலின் வழியாகவும் மூச்சு விடுவதாலும், முட்டைக்கு ஓடு இல்லாததாலும், நீரின் மாசு தவளைகளை விரைவில் தொடும். ஆனால் தூய நீரிலும் கைட்ரிட் பூஞ்சை நோயால் தவளைகள் அழிந்த நிகழ்வுகள் உலகில் பல இடங்களில் நேர்ந்திருக்கின்றன. தவளை இல்லை என்றவுடன் நீரைப் பழிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கையேடு சேர்த்திருக்கலாம்.

பெட்டியில் இல்லாத, ஆனால் இருந்தே ஆக வேண்டிய பொருள் ஒன்று உண்டு: நீர்மட்ட அளவுகோல். எத்தனை நாள் நீர் நின்றது, எப்போது வற்றியது, எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பொறுத்தே ஈரநிலத்தின் உயிர்கள் எல்லாம் அமைகின்றன. தும்பி குறைந்தது மாசினாலா, முன்கூட்டியே வற்றியதாலா என்பதைப் பூச்சிகளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. சென்டிமீட்டர் குறித்த ஒரு கம்பை ஆழமான இடத்தில் நட்டு வாரந்தோறும் படித்தால் போதும். இவ்வளவு செலவில்லாத ஒன்றை விட்டுவிட்டு, பளபளக்கும் அட்டைகளை அடுக்கியிருப்பது வருத்தம் தருகிறது.

மூன்று ஆண்டுகள் கண்காணித்தால் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்ற கையேட்டின் வாக்கியத்தையும் ஏற்க முடியவில்லை. மீட்கப்பட்டும் உருவாக்கப்பட்டும் உள்ள 621 ஈரநிலங்களின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வொன்று, நூறாண்டு கடந்தும் அவற்றின் உயிரியல் கட்டமைப்பு சராசரியாக 26 விழுக்காடும், மண்ணில் கரிமம் சேர்வது போன்ற உயிர்வேதிச் செயல்பாடுகள் 23 விழுக்காடும் ஒப்பீட்டு ஈரநிலங்களைவிடக் குறைந்தே இருந்தன என்று கண்டது. பறக்கும் பூச்சிகள் முதல் ஓரிரு ஆண்டிலேயே வந்துவிடும். செடிக்கூட்டம் தயங்கித் தயங்கித்தான் வரும். மண் எல்லோருக்கும் கடைசி. ஆகவே, மூன்றாம் ஆண்டில் தும்பிகளைக் காட்டிப் பணி முடிந்தது என்று கோப்பை மூடுவதற்கு இந்தப் பெட்டி துணைபோகக் கூடாது. பூச்சிகளை ஆண்டுதோறும், செடிகளை ஓராண்டு விட்டு ஓராண்டு, நீண்டகாலத்துக்குப் பார்க்கும்படி பதிவேட்டை மாற்றியமைப்பது நல்லது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை: களப்பணிக்குப் புதியவர்கள், அருகே பூச்சியியலோ தாவரவியலோ அறிந்த ஒருவரின் துணை இருந்தால், தயங்காமல் வாங்கலாம். அத்தகைய துணை இல்லாதவர்கள் மதிப்பெண் தாளைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, தும்பித்தோலையும் செடிச்சட்டத்தையும் மட்டும் கொண்டு தொடங்கட்டும். ஏற்கெனவே வலையும் தட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாகக் கிடைப்பது தும்பி அட்டைகள் மட்டுமே. அவற்றைத் தனியாக விற்கத் தயாரிப்பாளர் முன்வந்தால் பலருக்கும் உதவியாக இருக்கும்.

வாங்குபவர்கள் முதல் நாளே கவனிக்க வேண்டிய ஒன்று. வலை விளிம்பைக் காக்கும் அந்தக் கித்தான் பட்டையின் மடிப்புக்குள் நீர் தங்குகிறது; செடித்துணுக்கும் நத்தை முட்டையும் அங்கேயே ஒளிந்துகொள்கின்றன. ஓர் ஈரநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆக்கிரமிப்புச் செடியையோ தவளைப் பூஞ்சையையோ நாமே சுமந்து செல்வதற்கு அந்த மடிப்பு போதும். கையேட்டின் இறுதிப் பக்கத்தில் அரை வரியில் வரும் அறிவுரை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்திருக்க வேண்டும்: இடம் மாறும் முன் மடிப்பைப் பிரித்துப் பார்த்து, கழுவி, வெயிலில் முற்றாக உலர்த்த வேண்டும், உலர்த்த நேரமில்லையென்றால் இரண்டாவது இடத்துக்கு வேறு வலை கொண்டுபோக வேண்டும். அடுத்த பதிப்பில் அந்தப் பட்டையை மடிப்பில்லாமல் ஒற்றைத் தையலில் தைத்துத் தருமாறு தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்.